பருப்பு வேகிற வீடு

வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். குழாயைத் திறந்து மூடுவார்கள். பாண்டிச்செல்வி அத்தனையையும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அவர்கள் ஓய்ந்ததும் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்திலிருந்து ஒரு சின்ன கேஸ் அடுப்பையும், சீட்டுக்கு அடியிலிருந்து குக்கரையும் ஒரு பொட்டலம் துவரம்பருப்பையும் எடுத்து அடுப்பங்கரை மேடையில் வைப்பாள்.

“இந்த வீட்டுத் தண்ணியில ஒரு வேளை சமைச்சுச் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்” என்பாள்.

மதுரையில் வீட்டு புரோக்கர்களுக்குப் பஞ்சமில்லை. டீக்கடைக்கு ஒருவர் இருப்பார். ஆனால் இப்படிப் பருப்பு வேகவைத்துக் காட்டுகிறவள் இவள் ஒருத்திதான். மற்ற புரோக்கர்கள் அவளுக்குப் பருப்பக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தம்பதிக்கு ஊருக்கு வெளியே புத்தம்புது வீடு ஒன்றை முடித்துக்கொடுத்தாள். அடுத்த மாதமே அந்தம்மா ஒரு தூக்குவாளியில் அரைகுறையாக வெந்த பருப்பைக் கொண்டுவந்து இவள் வாசலில் வைத்து, “நாள் முழுக்க அடுப்புல கெடந்தாலும் இப்படித்தான் கெடக்கு. நீயே தின்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே போர்வெல் தண்ணீர் அவ்வளவு கடினம். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தப் பருப்புப் பரீட்சை.

போகப்போக அதில் இன்னொரு லாபமும் இருப்பது தெரிந்தது. குக்கர் விசில் அடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கிரைண்டரை எங்கே வைப்பது என்று சண்டை போட ஆரம்பித்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டால் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. மேலூரில் ஒரு குடும்பம் கிரைண்டருக்காகப் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. பத்திரம் பதிகிற அன்றும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதே வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இத்தனை பேரைக் குடியமர்த்தியவள் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் வாடகை வீட்டில் இருந்தாள்.

பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்த வீட்டுப் பெண் அவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. குடிசை இருந்த இடமும் புறம்போக்கு. பள்ளிக்கூடம் முடித்து, டைப்ரைட்டிங் கற்று, மதுரையில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரார் நிலங்களின் நான்கு எல்லைகளையும் பல வருஷம் தட்டச்சு செய்த பிறகு, நாமே இதை விற்றுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. புருஷன் வீரணன் அரசு பஸ் டிரைவர். “பஸ்ஸை நான் ஓட்டுறேன், வீட்டை நீ ஓட்டு” என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தான்.

கல்யாணமான புதிதில் இருவரும் மதுரையில் வாடகைக்கு வீடு தேடினார்கள். ஒரு வீட்டுக்காரர் உட்காரவைத்து மோர் எல்லாம் கொடுத்தார். எந்த ஊர் என்றார். பேரையூர்ப் பக்கம் என்றாள். என்ன ஆளுக என்றார். அவளுக்கு அப்போது மறைக்கத் தெரியாது. உள்ளதைச் சொன்னாள். அவர் அவள் குடித்த டம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வீடு காலி இல்லையேம்மா, நேத்துத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்றார். அவர் தலைக்கு மேலே ‘டு லெட்’ போர்டு ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமும் அது அங்கேயே ஆடியது.

அதற்குப் பிறகு மழுப்பக் கற்றுக்கொண்டாள். பாண்டிச்செல்வி என்ற பெயரை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ‘என்ன ஆளுக’ என்று ஆரம்பித்தால் இவள் பேச்சை வீரணனின் பஸ் ரூட்டுக்குத் திருப்பிவிடுவாள். கேட்டவர் தமக்குப் பிடித்த ஆளுகளாக அவளை நினைத்துக்கொள்வார். அவளும் விட்டுவிடுவாள். அதிலும் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. வீட்டை விற்கிறவர்கள் அவளிடமே, “என்ன ஆளுகன்னு பாத்துக் கூட்டிட்டு வா” என்பார்கள். அவள் தலையாட்டுவாள். பார்த்துக் கூட்டிக்கொண்டும் போனாள். அப்படிப் போன நாட்களில் ராத்திரி சோறு இறங்காது. வீரணன் கேட்டால் வெயில் என்பாள்.

மகள் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். கையில் சேமிப்பு இருக்கிறது. இனி நமக்கென்று ஒரு வீடு என்று பேச்சு வந்தபோது பாண்டிச்செல்வி யோசிக்காமல், “கடல் பக்கம்” என்றாள்.

வீரணன் வாயைப் பிளந்தான். “நமக்கு நீச்சலே தெரியாதே புள்ள.”

“நீந்தவா போறோம்? அங்க நம்மள யாருக்கும் தெரியாதுங்க. மதுரைக்காரின்னா மதுரைக்காரி. அம்புட்டுத்தான்.”

அவள் ஆசை அவ்வளவுதான். அலை, காற்று, சூரிய உதயம் எல்லாம் கூட வரட்டும், வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்! ஆனால் யாரும் கேட்காத ஒரு வாசலில் உட்கார்ந்து தலை துவட்ட வேண்டும் என்பதுதான் அவளுக்கு உயிர்.

தொழில் தெரிந்தவள் அல்லவா, கடலோர விலைகளை ஒரு கை பார்த்துவிட்டாள். சென்னைப் பக்கம் கடல் தெரிகிற ஒரு பால்கனியின் விலைக்கு மேலூரில் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயலே வாங்கிவிடலாம் போலிருந்தது. கடல் தெரிந்தால் ஒரு விலை, தெரியாமல் சத்தம் மட்டும் கேட்டால் ஒரு விலை, சத்தமும் கேட்காமல் விளம்பரத்தில் மட்டும் அலை அடித்தால் அதற்கும் ஒரு விலை. தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று இறங்கி இறங்கி வந்து, கடைசியில் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் ஒரு வீடு அகப்பட்டது. மூன்று அறை, கிணறு, தென்னை, கூப்பிடு தூரத்தில் கடல். விற்கிறவர் திருப்பூரில் குடியேறிவிட்டார். விலை அவளுக்கு எட்டியது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாளில் இரவல் கார் ஒன்றில் போய்ப் பார்த்தார்கள். கிணறு தளும்பியது. ஒரு கை அள்ளிக் குடித்தால் இளநீர் மாதிரி இருந்தது. வானம் பார்த்த பூமியில் பிறந்த இரண்டு பேருக்கு வேறென்ன வேண்டும்? கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால் நல்ல வீடு என்பதுதானே அவர்கள் ஊர்க் கணக்கு! அன்றைக்குப் பாண்டிச்செல்வி குக்கரைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. ஜன்னல் கம்பி துருவேறி உப்பியிருந்ததையும், கூரைச் சிமெண்டு ஓரிடத்தில் பிளந்து உள்ளே கம்பி தெரிந்ததையும் அவள் கண் பார்த்தது. மனசு பார்க்கவில்லை. உப்புக் காற்று ஃபேன், ஃபிரிட்ஜ், பைக் சங்கிலி என்று ஒன்றையும் விட்டுவைக்காது, கடலோர வீட்டை வாங்குகிற விலை ஒன்று, வைத்துக் காப்பாற்றுகிற விலை இன்னொன்று என்று வேறு யார் வாங்கினாலும் அவளே உட்காரவைத்துப் பாடம் எடுத்திருப்பாள். தனக்கென்று வந்தபோது வாயைத் திறக்கவில்லை. பங்குனியில் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் மதுரையிலேயே, தல்லாகுளத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சூரியபிரகாஷ் என்ற இளைஞன், அப்பா காலமானதும் அவர் கட்டிய வீட்டை விற்றுத்தரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தான். பழைய வீடு, ஆனால் கல்லு மாதிரி நின்றது. முன்னால் ஒரு வேம்பு. வாசலிலிருந்து நடந்தே பஸ் பிடிக்கலாம். “எல்லாம் பல வருசமாப் பழகுன தெருக்கா. வர்றவங்க என்ன ஆளுகன்னு மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. நம்ம மாதிரி ஆளுகளா இருந்தா நல்லது” என்றான். நம்ம மாதிரி என்று அவளையும் சேர்த்துக்கொண்டதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். பாண்டிச்செல்வி வழக்கம்போல் தலையாட்டினாள்.

அந்த வீட்டில் ஒரு குடும்பத்துக்குப் பருப்பு வைத்துக் காட்டினாள். மூடியைத் திறந்தால் வெண்ணெயாகக் குழைந்து கிடந்தது. வந்தவர்கள் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று தலையாட்டிவிட்டுக் காணாமல் போனார்கள். பாண்டிச்செல்வி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, கிரைண்டரைப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் காலில் இடிக்கும், ஜன்னல் மூலைதான் சரி என்று தனக்குள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று அது உறைத்ததும் கை நின்றுவிட்டது. ‘உனக்கெதுக்குடி இந்த வேலை?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். அந்த வீட்டுக்கு அப்புறம் யாரையும் அவசரமாகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பங்குனி வந்தது. சிநேகிதன் காரை மறுபடியும் இரவல் வாங்கி வீரணன் ஓட்ட, கடலோர வீட்டுக்குப் போனார்கள். திருப்பூர்க்காரர் சாயங்காலம் வந்து அட்வான்ஸ் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு வாய் சாப்பிடலாம் என்று பாண்டிச்செல்வி கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குக்கரை ஏற்றினாள். விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது. திறந்து பார்த்தால் பருப்பு போட்ட மாதிரியே முழித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தாள். ஓரம்தான் கொஞ்சம் உப்பியது. ‘உன் பருப்பு இங்க வேகாது’ என்கிற பழைய கிண்டலைச் சொல்ல வீரணன் வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு தென்னையை எண்ணப் போய்விட்டான்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண், இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், இடுப்பில் குடத்தோடு பின்பக்கமாக வந்தாள். நல்ல சிரித்த முகம்.

“விசிலாக் கேக்குதேன்னு வந்தேன். இந்தக் கெணத்துல வேகாது தாயி. மழைக்கு இனிக்கும், வெயில் ஏறுனா உப்பாயிரும். லாரித் தண்ணி பிடிச்சு வச்சிருந்தேன், கொண்டாந்திருக்கேன்.”

பாண்டிச்செல்விக்கு மனசு நிறைந்துவிட்டது. குக்கரைக் கழுவிப் பருப்பைப் புதிதாகப் போட்டு நீட்டினாள். குடம் சரியவில்லை.

“எந்த ஊரு தாயி?”

“மதுரைக்கா.”

“மதுரையேதானா?”

“பேரையூர்ப் பக்கம்.”

“பேரையூர்ல என்ன ஆளுக?”

பகையாகக் கேட்கவில்லை அந்தப் பெண். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிற அதே முகத்தோடுதான் கேட்டாள். ஆனால் குடம் இடுப்பிலேயே இருந்தது. பாண்டிச்செல்வி குக்கரை நீட்டியபடி நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அரை அடி தூரம்கூட இல்லை.

“எங்க வீட்டுக்காரரு பஸ் டிரைவருக்கா. ராமநாதபுரம் ரூட்டுலகூட வந்திருக்காரு. அப்பவே சொல்லுவாரு, இந்தப் பக்கத்து மீனு மாதிரி வராதுன்னு.”

“அட, அப்படியா!” என்று அந்தப் பெண் சிரித்தாள். குடம் சரிந்தது.

பருப்பு வெந்தது. நன்றாகவே வெந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தாள் பாண்டிச்செல்வி. அடுத்த வாய் எடுக்காமல் தட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தக் குடத்துக்கார அக்கா மேல் வரவேண்டிய கோபம்கூட வரவில்லை. இத்தனை தூரம் வந்தும் ஒரு செம்புத் தண்ணீருக்காக நாக்கு தானாகப் புரண்டுகொண்டதே என்று நினைத்து நினைத்துக் கண் கலங்கியது. கை கழுவிவிட்டு வந்து திருப்பூர்க்காரருக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்றாள்.

திரும்பும் வழியில் மானாமதுரையில் டீக்கு நிறுத்தினான் வீரணன். டீ வந்ததும் மெதுவாக, “பருப்பு வேகலைன்னுதான வேணாம்னுட்ட?” என்றான்.

“பருப்பு வெந்துச்சுங்க. அந்தக்கா என்ன ஆளுகன்னு கேட்டுச்சு, நான் மழுப்பிட்டேன். மதுரையில ஓசியாவே மழுப்பிக்கிட்டுத்தான இருக்கேன்? அதையே செய்யிறதுக்கு இம்புட்டுத் துட்டக் குடுத்துட்டுக் கடலுக்கு வேற வரணுமா?”

வீரணன் டீயைக் கீழே வைத்துவிட்டான். அவனும் டிப்போவில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் எத்தனையோ மென்று முழுங்கியவன்தான். “அப்ப எங்க?” என்றான்.

“தல்லாகுளம்.”

“சூரியபிரகாஷ் வீடா? அவன் உன்னைய விட்டே ஆளு பாக்கச் சொல்லியிருக்கான்.”

“பாத்துட்டேன். ஆளு கெடச்சிருச்சு.”

வீரணன் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூரியபிரகாஷ் வந்தான். வேப்பமரத்தடியில் நின்று, “யாருக்கா பார்ட்டி?” என்று ஆவலாகக் கேட்டான்.

“நான்தான் தம்பி. நானும் எங்க வீட்டுக்காரரும். நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறோம். கொறைக்கச் சொல்லல, கூட்டியும் தரமாட்டேன். கமிஷன் பேச்சும் கெடையாது.”

“ஐயோ, ரொம்ப சந்தோசம்க்கா! உங்களுக்கே குடுக்கிறதுன்னா…”

“இருங்க. என்ன ஆளுகன்னு பாத்துக் கூட்டிட்டு வரச் சொன்னீங்கள்ல? அதையும் சொல்லிர்றேன்.”

சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்திருந்த சொல் அது. சொல்லி முடித்ததும் ஒன்றுமே நடக்கவில்லை. வேம்பு அதுபாட்டுக்கு அசைந்தது. ரோட்டில் பஸ் போயிற்று. ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி அவளுக்குத் தோள் லேசாக இருந்தது.

சூரியபிரகாஷின் முகம்தான் சிவந்து வெளுத்தது. கெட்டவன் இல்லை அவன். தெரு என்ன சொல்லுமோ என்று பயந்தே வளர்ந்தவன். “எனக்கு ஒண்ணும் இல்லைக்கா, சத்தியமா. பக்கத்துல இருக்கிறவங்க கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“வீட்டை வித்துட்டேன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் சொல்லிக்கிறேன்.”

அவன் வீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். வேறு யாரும் இன்னும் வரவில்லை என்பதும், வந்தால் இவளைப்போல் ஒரே பேச்சில் முடிக்கமாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகும்போது அவள் கண்ணைப் பார்த்து, “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா” என்றான். பாண்டிச்செல்வி, “கேட்டீங்க, பதில் சொல்லிட்டேன், முடிஞ்சுபோச்சு” என்றாள்.

சித்திரை பிறந்ததும் பத்திரம் பதிந்து, பால் காய்ச்சினார்கள். மகளும் மருமகனும் வந்து போனார்கள். கிரைண்டர் பின்கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று வீரணன் ஒற்றைக்காலில் நின்றான். ஜன்னல் மூலைதான் என்று அவள் நின்றாள். சண்டை இரண்டு நாள் ஓடியது. இப்போதும் யாராவது, “என்ன ஆளுகன்னு பாத்துக் கூட்டிட்டு வா” என்று சாவியை நீட்டினால், பாண்டிச்செல்வி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். தொழில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. செத்துப்போய்விடவில்லை.

அவர்கள் குடிவந்த மூன்றாம் நாள் மத்தியானம் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மலையம்மாள் வந்து நின்றாள். அறுபது வயது இருக்கும். தெருவில் யார் வந்தாலும் முதலில் விசாரிக்கிற அதிகாரம் அவளுக்கு உண்டு என்று சூரியபிரகாஷ் முன்பே சொல்லியிருந்தான்.

“வாசம் தூக்குதே. என்ன கொழம்பு?”

“பருப்புக்கா.”

“எந்த ஊருப் பக்கம் நீங்க?”

“பேரையூர்ப் பக்கம்” என்றாள் பாண்டிச்செல்வி. அடுத்ததை மலையம்மாள் கேட்க வாயெடுக்குமுன்பே அதற்கும் பதிலைச் சொன்னாள். மத்தைக் கையில் பிடித்தபடி, சத்தமும் போடாமல், குரலும் தாழ்த்தாமல் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் பருப்பை ஊற்றி, மேலே ஒரு சொட்டு நெய் விட்டு, சுவர் மேல் வைத்தாள்.

“சூடா இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கக்கா.”

மலையம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். கை சேலைத் தலைப்பைத் திருகியது. “நான்… இன்னைக்கு எனக்கு விரதம்” என்றாள்.

பாண்டிச்செல்விக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய ‘டு லெட்’ போர்டு கண்ணுக்குள் ஒருமுறை ஆடி நின்றது. ஆனால் இந்தத் தடவை அவள் நின்றுகொண்டிருந்தது அவள் வீட்டு அடுப்பங்கரை வாசலில். கிண்ணத்தைப் பதறாமல் எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

“அதுக்கென்னக்கா. விரதம் என்னைக்கு முடியும்னு சொல்லுங்க, அன்னைக்கு வைக்கிறேன். நான் இங்கதான் இருக்கப் போறேன்.”